இசப்கோல் குடித்தால் கொலஸ்ட்ரால் குறையுமா? எனக்கு வயிறுதான் உப்புகிறது

மல்பெரித்தோட்டம் (பாலக்கோடு)

எல்லோருக்கும் வணக்கம். வயது 46, பட்டுப்புழு வளர்ப்பு. போன மாதம் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் ரத்தம் கொடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 235, கெட்டது என்கிற எல்டிஎல் 158, நல்லது என்கிற எச்டிஎல் 44, ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 165. சர்க்கரை இல்லை, பிபி கொஞ்சம் எல்லையில். டாக்டர், "மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்யுங்கள், திரும்பப் பார்த்துவிட்டு மாத்திரை பற்றிப் பேசலாம்" என்றார். என் அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. எனக்கும் பயம்.

பக்கத்து வீட்டு அக்கா சத் இசப்கோல் (மலச்சிக்கலுக்குக் குடிப்பார்களே, அந்த விதை உமி) நல்லது என்றார். ஒரு டப்பா வாங்கி, ராத்திரி படுக்கப் போகும் முன் இரண்டு பெரிய கரண்டி போட்டு அரை டம்ளர் தண்ணீரில் குடித்தேன். கொலஸ்ட்ராலை ஒரே மூச்சில் இறக்கிவிடலாம் என்று அன்றைக்கே கோதுமைத் தவிடு பிஸ்கட்டும் ஆரம்பித்தேன். நாலாவது நாள் வயிறு தம்புரா மாதிரி ஆகிவிட்டது. காற்று போகவும் மாட்டேன் என்கிறது, பசியும் இல்லை. புழுவுக்குக் கடைசி வாரம், ராவும் பகலும் இலை போட வேண்டிய நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இது ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடலாமா? கொலஸ்ட்ராலுக்கு உண்மையிலேயே பலன் உண்டா? யாராவது அளந்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

களிஉருண்டை (பென்னாகரம்)

அம்மா, நம்ம ஊரில் களி தின்றவர்களுக்கு டப்பா எதற்கு? என் தாத்தா 84 வயது வரை காலையில் கூழ், மதியம் களி, ராத்திரி சாமைச் சோறு. ரத்தப் பரிசோதனை என்றால் என்னவென்றே தெரியாது. கேழ்வரகில் இல்லாத நார்ச்சத்தா? டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு வேளை களி சாப்பிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மருந்துச்சீட்டு (தர்மபுரி)

நான் மருந்தாளுநர், 19 வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். இசப்கோல் வாங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் உங்களைப் போலத்தான் ஆரம்பிக்கிறார்கள் அக்கா. விட வேண்டாம். ஆரம்பித்த விதத்தில்தான் தப்பு.

கொலஸ்ட்ரால் எப்படிக் குறைகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நாம் சாப்பிடும் கொழுப்பு செரிக்க ஈரல் பித்தநீர் சுரக்கிறது. அந்தப் பித்தத்தில் இருக்கும் அமிலங்களை ஈரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது. வேலை முடிந்ததும் அதில் 95 சதவீதம் வரை சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடி ஈரலுக்கே போய்விடும். இசப்கோல் தண்ணீரில் பட்டதும் கொழகொழவென்று ஆகிறதே, அந்தக் கொழகொழப்பு குடலில் பித்த அமிலத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது. கையிருப்பு குறைந்ததும் ஈரல் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்கு மூலப்பொருளாக ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கொழகொழப்பு இல்லாத நார் இந்த வேலையைச் செய்யாது. கோதுமைத் தவிடு மலத்தை இளக்கும், கொலஸ்ட்ராலைத் தொடாது. இரண்டு, பித்தம் சுரப்பது சாப்பிடும்போது. நீங்கள் படுக்கப் போகும்போது குடித்தால் மலச்சிக்கலுக்கு உதவும், கொலஸ்ட்ராலுக்கு அந்த நேரம் வீண். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் குடிக்க வேண்டும்.

அளவு: நாளைக்கு 10 கிராம் உமி, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1998-ல் இசப்கோலுக்கு இதய நலன் சம்பந்தமான வாசகத்தை டப்பாவில் போட அனுமதித்தபோது, நாளைக்கு 7 கிராம் கரையும் நார் என்று கணக்கு வைத்தது. அது கிட்டத்தட்ட இந்த 10 கிராம் உமிதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த அளவில் எல்டிஎல் சுமார் 13 புள்ளி இறங்குகிறது. உங்கள் 158 என்றால் 145 பக்கம் வரலாம். அதிசயம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் சும்மாவும் இல்லை.

களிஉருண்டை அண்ணனுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். கடைக்கு ஆள் வந்துவிட்டார்.

ஓசூர்_நைட்ஷிப்ட்

எனக்கும் இதே கதை, ஆனால் வேறு பொருள். எங்கள் கம்பெனி கேன்டீனில் எல்லோரும் ஃபைபர் கம்மீஸ் சாப்பிடுகிறார்கள், மிட்டாய் மாதிரி இருக்கும். நாளைக்கு ஆறு சாப்பிட்டேன். மெஷின் பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்கு வாயு. இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தால் எல்டிஎல் ஒரு புள்ளிகூட அசையவில்லை. இதுவும் நார்தானே? ஏன் வேலை செய்யவில்லை?

மருந்துச்சீட்டு (தர்மபுரி)

தம்பி, டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், 'இனுலின்' என்று இருக்கும். பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து எடுப்பது. நம் காபித்தூளில் கலக்கிறார்களே, அதே சிக்கரி. அது தண்ணீரில் கரையும், ஆனால் கொழகொழப்பாக ஆகாது. அதனால் பித்தத்தைப் பிடிக்காது. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துவிடுகின்றன. தோசை மாவு பொங்குகிற மாதிரிதான், வாயு வராமல் என்ன செய்யும்? அந்த நுண்ணுயிர்களுக்கு அது நல்ல தீனி, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் வாங்கியது கொலஸ்ட்ராலுக்காக.

இசப்கோல் அவ்வளவாகப் புளிக்காது, அப்படியே ஈரப்பதத்தோடு கடைசி வரை போகும். அதனால்தான் அது மலச்சிக்கல், வயிற்றோட்டம் இரண்டுக்கும் ஒத்துவருகிறது. கட்டியாக இருந்தால் இளக்கும், தண்ணீராகப் போனால் பிடித்து நிறுத்தும்.

மல்பெரி அக்கா, உங்கள் உப்புசத்துக்கு இசப்கோலைவிடத் தவிடு பிஸ்கட் மேல்தான் எனக்குச் சந்தேகம். நெதர்லாந்தில் எரிச்சல் குடல் நோய் உள்ள 275 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 10 கிராம் இசப்கோல், இன்னொன்றுக்கு 10 கிராம் தவிடு, மூன்றாவதற்கு வெறும் அரிசிமாவு கொடுத்துப் பார்த்தார்கள். 2009-ல் வெளிவந்தது. இசப்கோல் குடித்தவர்களுக்கு வயிறு தேறியது. தவிடு பிரிவில் நிறையப் பேர் வயிறு மோசமாகிறது என்று பாதியிலேயே நின்றுவிட்டார்கள். தவிட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். இசப்கோலை மூன்று நாள் விட்டுவிட்டு, ஒரு டீஸ்பூனில் மறுபடி தொடங்குங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். வாரத்துக்கு ஒரு டீஸ்பூன் ஏற்றினால் போதும். ஒவ்வொரு தடவையும் ஒரு முழு டம்ளர் தண்ணீர், அது போனதும் இன்னும் அரை டம்ளர்.

தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)

தண்ணீர் விஷயத்தை மருந்துச்சீட்டு அண்ணன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு 71. ருசி பிடிக்கவில்லை என்று இசப்கோலைக் கரைக்காமல் ஒரு பெரிய கரண்டி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். அது நெஞ்சுக்குழியில் ஊறி அடைத்துக்கொண்டது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. வாயிலிருந்து நுரையாக வழிந்துகொண்டே இருந்தது, பேச முடியாமல் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நாங்கள் முதலில் மாரடைப்பு என்று நினைத்தோம். தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, குழாய் விட்டு எடுத்தார்கள். எடுத்ததை ஒரு கிண்ணத்தில் காட்டினார்கள், கட்டை விரல் அளவுக்குக் கோந்து உருண்டை.

அவருக்கு அதற்கு முன்னாலேயே களியை விழுங்கும்போது சில நேரம் நிற்கும், நாங்கள் கவனிக்கவில்லை. விழுங்குவதில் சிரமம் இருக்கிற யாருக்கும் இதைக் கொடுக்காதீர்கள். கரைத்து, உட்கார்ந்தபடி, உடனே குடிக்க வேண்டும். பத்து நிமிடம் வைத்துவிட்டால் டம்ளரிலேயே கெட்டியாகிவிடும். படுத்துக்கொண்டு குடிக்கவே கூடாது.

மல்பெரித்தோட்டம் (பாலக்கோடு)

தென்பெண்ணை தம்பி, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மாமியாருக்கு 72. என்னைப் பார்த்து அவரும் கேட்டார், நேற்றுதான் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவருக்கும் மாத்திரை விழுங்கும்போது நிற்கும். கொடுக்கவில்லை. அப்பா இப்போது நலமா?

தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)

நலம் அக்கா. அதற்கப்புறம் உணவுக்குழாயைப் பரிசோதித்ததில் சுருக்கம் இருப்பது தெரிந்து வைத்தியம் நடக்கிறது. மாமியாரையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். விழுங்கும்போது நிற்பது வயதானதால் என்று விட்டுவிடக்கூடியது இல்லையாம்.

பர்கூர்_டீச்சர்

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்கிறோம். நம் மாவட்டங்களில் எந்தத் தண்ணீர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழுவதை வகுப்பில் தினம் பார்க்கிறேன். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததே இதற்காகத்தான். கூடுதலாகத் தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாயில் பிடித்துக் குடியுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

மருந்துச்சீட்டு (தர்மபுரி)

டீச்சர், நல்ல நேரத்தில் சொன்னீர்கள். கவுண்டரில் நான் இதைச் சொன்னதே இல்லை, இனிமேல் சொல்வேன்.

களிஉருண்டை அண்ணன், உங்களுக்குப் பதில் பாக்கி. நானும் களி தின்று வளர்ந்தவன்தான், அதனால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் போட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் நார் 11 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அரிசி பக்கத்தில்கூட வராது. ஆனால் அதில் கரையும் நார் 2 கிராமுக்குக் கீழே, மீதி ஒன்பதரை கரையாதது. வயிற்றுக்கு, பசி தாங்குவதற்கு, சர்க்கரை மெதுவாக ஏறுவதற்கு எல்லாம் அது அருமை. எல்டிஎல்லை இறக்கும் அந்தக் கொழகொழப்பு மட்டும் அதில் குறைவு. இரண்டு வேளை களி தின்றாலும் இசப்கோலின் 7 கிராமை எட்ட முடியாது.

ஆனால் களியோடு என்ன சாப்பிட்டார் உங்கள் தாத்தா? அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

களிஉருண்டை (பென்னாகரம்)

தப்பாக எடுக்க என்ன இருக்கு தம்பி, கணக்கோடு சொன்னால் கேட்டுக்க வேண்டியதுதான். நான் தாத்தாவை மட்டும் பார்த்தேன், அவர் நடந்த நடையைச் சொல்லாமல் விட்டேன்.

களிக்கு என்ன தொட்டுக்கொண்டார் என்றால், கீரை மசியல், கொள்ளு ரசம், மார்கழி தையில் அவரைக்காய் வந்தால் பிதுக்கம்பருப்புக் குழம்பு. பாட்டி அவரையை ராத்திரி ஊறவைத்து, காலையில் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்குவார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு டப்பென்று கிண்ணத்தில் விழும், தோல் கையில் நிற்கும். நாங்கள் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து பிதுக்கினாலும் ஒரு வேளைக் குழம்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். தட்டப்பயறு, மொச்சை ஏதாவது ஒன்று இல்லாத நாளே கிடையாது. இப்போது எங்கள் வீட்டிலேயே அரிசிச் சோறும் சாம்பாரும்தான். 2023-ல் நம்ம மாவட்ட ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள், அது வந்தபிறகு வாரத்தில் மூன்று நாள் களி திரும்பி வந்திருக்கிறது. பயறு இன்னும் திரும்பவில்லை.

மருந்துச்சீட்டு (தர்மபுரி)

அதுதான் அண்ணே. பயறு வகைகளிலும் கரையும் நார் இருக்கிறது, வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். ஊறவைத்த வெந்தயம் கொழகொழக்கிறதே, அதுவும் இதே இனம். ஓட்ஸும் அப்படித்தான், அதில் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் நாளைக்கு 3 கிராம் வேண்டும். நான் இசப்கோலை விற்கிறவன், இருந்தாலும் சொல்கிறேன்: களி, கீரை, பயறு மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் அது டப்பாவைவிடப் பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் உணவிலிருந்தே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. டப்பா அதற்கு மேலே சேர்ப்பது.

தேன்கனிக்கோட்டை_குளிர்

ஒரு சந்தேகம். சப்ஜா விதையும் இசப்கோலும் ஒன்றா? எங்கள் வீட்டில் ஒன்று என்றே வாங்கிக் குடிக்கிறோம். அப்புறம் எனக்குத் தைராய்டு மாத்திரை உண்டு. சேர்த்துக் குடிக்கலாமா?

மருந்துச்சீட்டு (தர்மபுரி)

இரண்டும் வேறு. சப்ஜா, துளசி இனத்துக் கறுப்பு விதை, ஊறினால் கண்ணாடிக் கூடு கட்டும். இசப்கோல், குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு சின்னச் செடியின் விதை மேல் தோல். ஆய்வுகள் நடந்தது இசப்கோலில், அந்தக் கணக்கை சப்ஜாவுக்குப் போட முடியாது.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டபிறகு நாலு மணி நேரம் இசப்கோல் வேண்டாம். கொழகொழப்பு மாத்திரையையும் பிடித்துக்கொண்டு போய்விடும். மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி பொதுவாகப் போதும். இதய மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆரஞ்சு வாசனை போட்ட பாக்கெட்டை வாங்கும் முன் பின்பக்கம் பாருங்கள், சிலவற்றில் சர்க்கரை நிறைய. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதுக்கு மேல் திடீரென்று மலம் போகும் பழக்கம் மாறுவது, இதெல்லாம் இருந்தால் முதலில் டாக்டர், இசப்கோல் அப்புறம்.

மல்பெரித்தோட்டம் (பாலக்கோடு)

மூன்று வாரம் ஆனது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். தவிடு பிஸ்கட்டை நிறுத்திய இரண்டாம் நாளே உப்புசம் பாதி குறைந்தது. இசப்கோல் ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்தேன். அக்கா வீட்டு மாமா நகைப் பட்டறை வைத்திருக்கிறார், அவர் தராசில் போட்டுப் பார்த்தோம். என் வீட்டு டீஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் 2 கிராம்கூட இல்லை, கோபுரமாக எடுத்தால் இரண்டரை. பஞ்சு மாதிரி இருக்கிறது, எடையே இல்லை. 10 கிராமுக்குக் கோபுரமாக நாலு டீஸ்பூன். முதல் நாளில் நான் போட்ட இரண்டு பெரிய கரண்டியையும் அளந்தேன், 11 கிராம் வந்தது, அதுவும் ஒரே தடவையில் அரை டம்ளர் தண்ணீரில்! இப்போது மதியம் இரண்டு, ராத்திரி இரண்டு டீஸ்பூன். காலையில் கழிவறையில் முன்பு கால் மணி நேரம் ஆகும், இப்போது ஐந்து நிமிடம். உப்புசம் இல்லை.

ஓசூர்_நைட்ஷிப்ட்

நானும் மாறிவிட்டேன் அக்கா. ஷிப்ட் மாறும்போது ஒரு வாரம் விட்டுப்போகிறது, அதுதான் பிரச்சினை.

மருந்துச்சீட்டு (தர்மபுரி)

விட்டால் பலனும் போய்விடும் தம்பி. இது சேமித்து வைக்கிற மருந்து இல்லை. டப்பாவை வீட்டில் வைக்காமல் டிபன் பையில் வையுங்கள்.

மல்பெரித்தோட்டம் (பாலக்கோடு)

மூன்று மாதம் முடிந்தது. நேற்று அறிக்கை வந்தது. மொத்தம் 214, எல்டிஎல் 139, எச்டிஎல் 45, ட்ரைகிளிசரைடு 150. எல்டிஎல் 19 இறங்கியிருக்கிறது. மருந்துச்சீட்டு தம்பி சொன்ன 13-ஐத் தாண்டி இருக்கிறது, ஆனால் எல்லாம் இசப்கோல் என்று சொல்ல மாட்டேன். சந்தைக்குப் போகும்போது தின்னும் பப்ஸும் நிப்பட்டும் நின்றன, பயறு வாரம் ஐந்து நாள், சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடை.

சந்தோஷமாகத்தான் டாக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, "நன்றாகச் செய்திருக்கிறீர்கள், ஆனால் உங்கள் அப்பா 52-ல் போயிருக்கிறார், பிபியும் எல்லையில் இருக்கிறது, உங்களுக்கு இது 100-க்குக் கீழே வேண்டும்" என்றார். சின்ன அளவில் ரோசுவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் முன்னால் என்றால் அழுதிருப்பேன். எனக்கு அந்த மாத்திரை என்றாலே பயம், ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். இப்போது அந்தப் பயம் குறைந்திருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கணும், மாத்திரை வந்துவிட்டதால் இசப்கோலை நிறுத்திவிடலாமா?

மருந்துச்சீட்டு (தர்மபுரி)

நிறுத்தாதீர்கள் அக்கா. 2005-ல் வந்த ஓர் ஆய்வில் உங்கள் மாத்திரையின் இனத்தைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமோடு நாளைக்கு 15 கிராம் இசப்கோல் கொடுத்தார்கள், எல்டிஎல் இறங்கிய அளவு 20 மில்லிகிராம் மாத்திரை தனியாக இறக்கியதற்குச் சமமாக இருந்தது. உங்களுடையது வேறு ஸ்டாட்டின், இருந்தாலும் வழி ஒன்றுதான். மாத்திரை ஈரலில் கொலஸ்ட்ரால் செய்வதைக் குறைக்கிறது, இசப்கோல் பித்தம் வழியாக வெளியே அனுப்புகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. பெரிய அளவு மாத்திரை தேவைப்படாமல் சின்ன அளவிலேயே நிற்கலாம். நீங்கள் செய்ததெல்லாம் வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்பாவின் வரலாறு உள்ளவர்களுக்கு ஸ்டாட்டின் உயிர் காக்கிற மாத்திரை, அதை இசப்கோலால் ஈடுகட்ட முடியாது. உடம்பு வலி, தசை வலி வித்தியாசமாக வந்தால் மட்டும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி, மறக்காதீர்கள்.

மல்பெரித்தோட்டம் (பாலக்கோடு)

சரி தம்பி. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு, அதற்கு முன்னால் இசப்கோல். பத்து மணிக்குப் புழுவுக்குக் கடைசி இலை போட்டுவிட்டு வந்து மாத்திரை. இலைக்கூடை மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே மாத்திரை அட்டையைச் சொருகி வைத்திருக்கிறேன். மாமியாரைத் தர்மபுரிக்கு வியாழக்கிழமை அழைத்துப் போகிறேன், உணவுக்குழாய் பார்க்க.

களிஉருண்டை அண்ணா, இந்தத் தை மாதத்துக்கு என்று எங்கள் தோட்ட வரப்பில் அவரை போட்டிருக்கிறேன்.

களிஉருண்டை (பென்னாகரம்)

பிதுக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லும்மா, பாலக்கோட்டுக்குப் பஸ் இருக்கிறது.